பற்றைக்குள் ஒரு பச்சைச் சொண்டு

வெள்ளவத்தையில் எங்கள் குடியிருப்பின் பின்மதிலுக்கு அப்பால் ஒரு பழைய வீடும் வளவும் இருந்தன. பெரிய வளவென்று சொல்ல முடியாது. ஒரு பலா, இரண்டு மா, மதிலோரம் யாரும் கவனிக்காமல் வளர்ந்த பற்றை, அவ்வளவுதான். அந்தப் பற்றைக்குள் ஒரு சோடி செண்பகப் பறவை இருந்தது. விடியற்காலையில் அடித்தொண்டையில் ‘ஊப் ஊப் ஊப்’ என்று அது தொடங்கியதும் அம்மா குசினியில் இருந்தபடியே, “செண்பகம் கூப்பிடுது பிள்ளை, எழும்பு” என்பார். சாவகச்சேரியில் எங்கள் வீட்டு வேலிக்குள் கேட்ட குரல் கொழும்பிலும் கேட்கிறதே என்று அவருக்கு அதில் ஒரு தனி ஆறுதல்.

ஏழெட்டு வருடங்களுக்கு முன் அந்த வளவு விலைப்பட்டது. வந்த வேலையாட்கள் முதலில் கை வைத்தது பற்றையில். ஒரே காலையில் வெட்டிக் குவித்து எரித்துவிட்டார்கள். மரங்களை உடனே தறிக்கவில்லை. பலாவும் மாக்களும் இன்னும் இரண்டு மாதம் நின்றன. ஆனால் செண்பகங்கள் அந்தக் கிழமையே போய்விட்டன. ‘மரம்தான் அப்படியே நிற்கிறதே, ஏன் போனது?’ என்று அப்போது யோசித்தேன். பதில் கிடைக்க எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. அது கிடைத்தது வீட்டிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் தள்ளி ஒரு காட்டுக்குள்.

அந்தச் சோடி போனபிறகு எனக்குப் பறவைகள் மேல் கவனம் திரும்பியது. சனி, ஞாயிறுகளில் தலங்கம வாவிப் பக்கமும் பெல்லன்வில சதுப்புநிலப் பக்கமும் போகத் தொடங்கினேன். அங்கே பழக்கமான ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது: இலங்கையில் இன்னொரு செண்பகமும் இருக்கிறது. பச்சைச் சொண்டுச் செண்பகம். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்து மழைக்காடுகளில் மட்டும், அதிலும் அடர்ந்த கீழ்ச்செடி உள்ள இடங்களில் மட்டும் வாழ்கிறது. அதை எட்வர்ட் பிளைத் 1849இல் அறிவியல் உலகுக்கு விவரித்திருக்கிறார். இன்று அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் அது இருக்கிறது. தாழ்நிலக் காடுகள் துண்டு துண்டாகிப் போனதுதான் முதற் காரணம்.

நாற்பது வயதுவரை இந்த நாட்டில் இருந்துகொண்டு இதைக் கேள்விப்படவே இல்லையே என்று எனக்கு உண்மையிலேயே மனம் வருந்தியது. பார்த்தே ஆகவேண்டும் என்று நினைத்தேன்.

கொழும்பிலிருப்பவர்களுக்கு இதற்குக் கிட்டிய இடம் இங்கிரியவுக்குப் பக்கத்திலுள்ள போதிநாகல. காட்டுக்குள் பிக்குகள் தங்கித் தியானம் செய்யும் ஓர் ஆரண்யம் இருக்கிறது. பஸ்ஸில் போவதென்றால் ஹொரணை போகும் 120இல் கொஹுவலையில் ஏறலாம். ஹொரணையில் இறங்கி, பாணந்துறை - இரத்தினபுரி வீதியில் போகும் பஸ் பிடித்து இங்கிரிய. அங்கிருந்து ஓட்டோ. நாங்கள் முதல் தடவை அப்படித்தான் போனோம், நானும் என் பெறாமகனும். பெறாமகனுக்கு அப்போது பதினேழு வயது. பையில் மாலுபாணும் தண்ணீரும், கழுத்தில் இரவல் வாங்கிய தொலைநோக்கி, கைபேசியில் தரவிறக்கி வைத்த பறவைக் குரல்கள்.

அன்று எல்லாமே பிழைத்தது. காட்டு வாசலுக்குப் போகும்போதே ஒன்பதரை. வெயில் ஏறிவிட்டது, பறவைகள் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டன. நாங்கள் கதைத்துக்கொண்டே நடந்தோம். காட்டின் ஓரத்தில் ஒரு செண்பகம் குறுக்கே பறந்ததும் பெறாமகன், “சித்தி, அதுதான்!” என்று கத்தினான். நானும் அதுதான் என்றே நம்பி வீட்டுக்கு வந்து நாலு பேருக்குச் சொன்னேன். படத்தைப் பார்த்தவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார்: சொண்டு கறுப்பு, செட்டை பளிச்சென்ற செங்கபில நிறம், இது நம் வீட்டுச் செண்பகம். காட்டுச் செண்பகத்தின் செட்டை இருண்டு மங்கியிருக்கும், உடம்பு கொஞ்சம் சிறிது, சொண்டுதான் முக்கிய அடையாளம். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சொண்டின் நிறத்தைக் கண்ணால் காணாதவரை கொப்பியில் ‘செண்பகம்’ என்று மட்டும் எழுதுவேன். எந்தச் செண்பகம் என்று எழுத மாட்டேன். பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்ததாகவே நினைத்துவிடும் குணம் மனதுக்கு இருக்கிறது. புதிதாகப் பறவை பார்க்க வருபவர்கள் இதில்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

அந்த முதல் நாளில் நான் செய்த இன்னொரு காரியத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. உச்சிப்பொழுது நெருங்கிய நேரத்தில், ஒன்றையும் காணாத அவசரத்தில், கைபேசியிலிருந்த அந்தப் பறவையின் குரலைச் சத்தமாக ஒலிக்கவிட்டேன். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்தாறு தடவை. பாதையில் எதிரே வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் நின்று, கையால் ‘வேண்டாம்’ என்று சைகை காட்டினார். கோபம் எதுவும் இல்லை. பக்கத்தில் வந்து சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: அந்தக் குரலைக் கேட்டால், தன் இடத்துக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டதென்று அது நினைக்கும். கூட்டில் இருந்தால் கூட்டை விட்டு வரும். இரை தேடிக்கொண்டிருந்தால் அதை விட்டு வரும். சண்டைக்கு ஆளில்லை என்று கண்டு திரும்பும். கிழமைக்குக் கிழமை கொழும்பிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் இப்படிச் செய்தால் அந்தப் பறவை எப்படி வாழும்?

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த இடத்திலேயே ஒலிப்பதிவை அழித்தேன். வீட்டில் இருந்து குரலைக் கேட்டுப் பழகுங்கள். காட்டுக்குள் அதை ஒலிக்க விடாதீர்கள். போதிநாகல கொழும்புக்கு இவ்வளவு கிட்ட இருப்பது எங்களுக்கு வசதி, அந்தப் பறவைக்கு அதுவே கஷ்டம்.

அந்தப் பெரியவர் இன்னொன்றும் கேட்டார்: “நீங்கள் கண்ணால் தேடுகிறீர்களா, காதால் தேடுகிறீர்களா?” இந்தக் காட்டில் காதுதான் முதல் என்றார். வீட்டுக்கு வந்து வாசித்தபோது அதன் அர்த்தம் இன்னும் விளங்கியது. இலங்கைப் பறவையியலாளர் தீபால் வாரகாகொட 1995இல் கிதுல்கல காட்டில் இதுவரை கேட்டிராத ஓர் ஆந்தைக் குரலைக் கேட்டார். அந்தக் குரலுக்குரிய பறவையை அவர் சிங்கராஜ வனத்தில் கண்ணால் கண்டது 2001 ஜனவரியில். ஆறு வருடம் காதால் மட்டும் பின்தொடர்ந்திருக்கிறார். 2004இல் அது புதிய இனமென்று அறிவிக்கப்பட்டு, தீலோ ஹொஃப்மனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காகச் சிங்கராஜவில் இயந்திரங்களை இறக்கி மரம் வெட்டியபோது, அதை நிறுத்தப் பாடுபட்டவர்களில் முன்னின்றவர் அவர். 1977இல் வெட்டு நின்றது, 1988இல் சிங்கராஜ உலக மரபுரிமைத் தலமானது. அந்தக் காடு அன்று முழுவதும் வெட்டுப்பட்டிருந்தால், அப்படி ஓர் ஆந்தை இருந்ததென்றே தெரியாமல் அது போயிருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்யும்.

சரி, செண்பகத்துக்கு வருவோம்.

இரண்டாவது, மூன்றாவது தடவைகளில் வான் பிடித்து அதிகாலை நாலு மணிக்கே வீட்டிலிருந்து வெளிக்கிட்டோம். காட்டுக்குள் போகும்போது இன்னும் முழுதாக விடியவில்லை. முதலில் கேட்டது மஞ்சள் நெற்றிக் குக்குறுவானின் குரல். பிறகு காட்டுக்கோழி. அப்புறம் எங்கேயோ தாழ, நிலத்துக்குக் கிட்ட, ‘ஹூ... பூப்’ என்று ஒன்று. வீட்டுச் செண்பகம் வரிசையாக ‘ஊப் ஊப்’ என்று அடுக்கிக்கொண்டே போகும். இது அப்படியில்லை. இரண்டோ மூன்றோ ஒலி, அதில் பிந்தியது இன்னும் ஆழமாக இறங்கும், பிறகு நீண்ட மௌனம். வாய் குறுகிய ஒரு பெரிய சாடிக்குள் யாரோ ஊதியது போலிருந்தது. கையில் மயிர் கூச்செறிந்தது. ஆனால் பார்க்க முடியவில்லை. பத்து மீற்றருக்குள் கூப்பிட்டது, அப்படியும் தெரியவில்லை.

மூன்றாவது தடவை திரும்பும் வழியில்தான் அந்தப் பெண்ணைச் சந்தித்தோம். காட்டுக்குச் சற்றுத் தள்ளி றப்பர்த் தோட்டம். பால் வெட்டி முடித்து வாளியோடு வந்துகொண்டிருந்தார். எங்கள் தமிழைக் கேட்டு நின்றார். என்ன பார்க்க வந்தோம் என்று சொன்னதும் அவர் வியப்படையவில்லை.

“அந்தச் சத்தம் எங்க லயத்துக்குக் கேக்கும்க்கா, விடிய. ஆனா இந்தப் பக்கம் வராது.”

“ஏன்? இங்கேயும் மரம்தானே?”

“மரம் இருக்கு. கீழ ஒண்ணும் இல்லையே. நாங்க சுத்தம் பண்ணிடுவோம்ல. அது பட்டைக்குள்ள இருக்கிறது. நடந்து போறது. இங்க எங்க ஒளியும்?”

சுற்றிலும் பார்த்தேன். றப்பர் மரங்கள் வரிசையாக, உயரமாக, நிழலாக நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் காடென்றே தோன்றும். கீழே குனிந்தால் ஒரு தொங்கலிலிருந்து மறுதொங்கல்வரை பார்வை தடங்கலின்றிப் போனது. எனக்கு உடனே ஞாபகம் வந்தது வெள்ளவத்தை வளவுதான். மரம் நின்றது, பற்றை போனது, செண்பகம் போனது. அவ்வளவு நாளாக நான் மரத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அவர் ‘பட்டை’ என்று சொன்னது, சிங்களத்தில் ‘பட்ட’ என்கிற சிறு மூங்கிலை. பென்சிலைவிடக் கொஞ்சம் தடித்த தண்டு, ஆளுயரத்துக்கு மேல் நெருக்கமாக வளரும், காய்ந்ததை மிதித்தால் படபடவென்று முறியும். சிங்களத்தில் இந்தப் பறவைக்கே ‘பட்ட எட்டிகுக்குளா’ என்றுதான் பெயர், பட்டச் செண்பகம். அது எங்கே இருக்கும் என்பதைக் கிராமத்து ஆட்கள் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். நான் புத்தகத்தில் ‘பச்சைச் சொண்டு’ என்று படித்துச் சொண்டையே தேடினேன். சிங்களப் பெயரைக் கேட்டிருந்தால் பட்டையைத் தேடியிருப்பேன். ஒரு பறவையைப் பார்க்கப் போகுமுன் அந்த ஊர் மக்கள் அதை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்ததிலேயே அதிகம் உதவிய பாடம் இது.

செண்பக இனங்கள் குயில் குடும்பம்தான். ஆனால் குயிலைப் போல மற்றவர் கூட்டில் முட்டையிடாது. தானே கூடு கட்டித் தன் குஞ்சைத் தானே வளர்க்கும். தூரம் பறப்பதில் வல்லமை குறைவு. பெரும்பாலும் செடிக்குள்ளே நடந்தும் தாவியும் திரியும், பூச்சி, மயிர்க்கொட்டி, சிறு பிராணிகளைத் தேடித் தின்னும். வீட்டுச் செண்பகத்துக்கு வேலியோ மதிலோரப் பற்றையோ போதும். காட்டுச் செண்பகத்துக்கு அது போதாது. இப்படி ஒரு பறவைக்கு இரண்டு காட்டுத் துண்டுகளுக்கு நடுவே வெறும் தேயிலையோ றப்பரோ வீதியோ வந்துவிட்டால், அதைக் கடப்பது எங்களுக்குப் போல எளிதில்லை. ஈரவலயம் நாட்டின் சனத்தொகையில் பாதிக்கு மேல் வாழும் பகுதி. 1876இல் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் நட்ட றப்பர்க் கன்றுகளிலிருந்து பெருகியதுதான் இந்தத் தோட்டங்கள் எல்லாம். அதில் உழைத்து வாழும் எங்கள் ஆட்களும் உண்டு. எனவே தோட்டத்தைப் பகையாக நினைக்க என்னால் முடியாது. மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டின் ஓரத்தை இன்னும் இரண்டு முழம், இன்னும் நாலு முழம் என்று உள்ளே தள்ளிக்கொண்டு போவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஓரத்தில் விறகுக்கும் வேலிக்கும் பட்டை வெட்டுகிறார்கள். பெரிய மரம் ஒன்றைத் தறித்தால் ஊர் பார்க்கும். பற்றையை வெட்டினால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. ‘துப்புரவு செய்தது’ என்றே சொல்வார்கள்.

நாலாவது தடவை பார்த்தோம்.

அன்று நடக்கவே இல்லை. பாதையோரம் பட்டை அடர்ந்திருந்த ஓர் இடத்தைத் தெரிந்து, ஆறு மணிக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்தோம். பெறாமகனிடம், “அப்பன், அரை மணித்தியாலம் வாய் திறக்கக்கூடாது” என்று சொல்லியிருந்தேன். அட்டைகள் வந்தன. ஆடையைக் காலுறைக்குள் விட்டு, காலுறைக்கு மேல் காய்ந்த சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்திருந்தோம், ஓரளவு தடுத்தது. ஏறியதை இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கமாகச் சுரண்டி எடுத்தால் போதும். இரத்தம் கொஞ்ச நேரம் ஓடும், பயப்பட வேண்டியதில்லை. உடுப்பு மங்கலான பச்சை அல்லது மண்ணிறம் நல்லது. ஆரண்யத்தைத் தாண்டிப் போக வேண்டியிருப்பதால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

ஆறே கால் இருக்கும். பட்டைத் தண்டுகளில் ஒன்று அசைந்தது. காற்றில்லை. பிறகு அடுத்த தண்டு. தண்டுகளுக்கு நடுவே முதலில் வந்தது சொண்டு. மற்றதெல்லாம் கறுப்பும் நிழலுமாக இருக்க, அது மட்டும் தனியே மிதப்பது போல இருந்தது. பச்சை என்றால் இலைப் பச்சை கிடையாது. தோல் சீவிய வெள்ளரிக்காயின் நிறம். வெள்ளைக்குள் கொஞ்சம் பச்சை ஊறினது போல. தலையைச் சரித்தபோது கழுத்தில் ஊதாவும் வெண்கலமும் கலந்த ஒரு மினுக்கம் ஓடி மறைந்தது. ஒரு மயிர்க்கொட்டியைச் சொண்டில் பிடித்து, தண்டில் இரண்டு தரம் அடித்து விழுங்கியது. பிறகு நீண்ட வாலை இழுத்துக்கொண்டு உள்ளே நடந்து போனது. எல்லாமாக இருபது செக்கன் வருமோ தெரியாது. பெறாமகன் தொலைநோக்கியை இறக்கவே இல்லை. போனபிறகும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் எடுக்கவில்லை. கைபேசியை எடுக்கத் திரும்பியிருந்தால் அந்த இருபது செக்கனில் பாதி போயிருக்கும்.

இப்போது நாங்கள் மாதம் ஒருமுறை போகிறோம். ஒவ்வொரு தடவையும் திகதி, நேரம், மழையா வெயிலா, எத்தனை குரல், எந்தப் பக்கம் என்று கொப்பியில் எழுதி, பிறகு பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையத்தளத்திலும் பதிகிறோம். கேட்டது, பார்த்தது இரண்டையும் வேறாக எழுதுவோம். ஒன்றும் கேட்காத நாளையும் எழுதுவது முக்கியம். ‘இல்லை’ என்ற பதிவு இருந்தால்தான் ஒரு இடத்தில் பறவை எப்போது இல்லாமல் போனது என்று பின்னால் வருபவர்களுக்குத் தெரியும். கூட்டைக் கண்டால் மட்டும் எங்கும் பதிவதில்லை, யாருக்கும் சொல்வதில்லை. தனியாகத் தொடங்கத் தயங்குபவர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்ட இலங்கைக் களப் பறவையியல் குழு இருக்கிறது. அவர்களோடு ஒரு களப்பயணம் போனாலே நான் மூன்று தடவையில் கற்றதை ஒரே நாளில் கற்றுவிடலாம். வயதான அம்மாக்களையும் கூட்டிப் போக விரும்பினால், காட்டுக்கு முன் கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்புநிலங்களில் தொடங்குங்கள். இவற்றுக்காகத்தான் கொழும்புக்கு 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. நடக்கத் தட்டையான பாதை இருக்கிறது.

எங்கள் குடியிருப்பின் பின்பக்கம், கால்வாய்க் கரையோரம் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதைத் துப்புரவாக்கிப் புல் பதிப்பதென்று குடியிருப்பாளர் கூட்டத்தில் பேச்சு வந்தது. பாம்பு வரும், நுளம்பு வரும் என்றார்கள். நான் எழும்பி, நுளம்பு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். தண்ணீர் தேங்கும் சிரட்டையையும் பழைய ரயரையும் எடுப்போம், பற்றையை விடுவோம் என்றேன். பாம்புப் பயத்துக்கு நடைபாதைப் பக்கம் ஒரு மீற்றர் அகலத்துக்கு வெட்டுவோம் என்று விட்டுக்கொடுத்தேன். கடைசியில் பாதி நிலம் பற்றையாகவே நிற்கிறது. செண்பகம் இன்னும் வரவில்லை. வாலாட்டிக் குருவியும் தையல்சிட்டும் வந்திருக்கின்றன.

போன மாதம் போதிநாகல போனபோது, நாங்கள் வழக்கமாக இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, காட்டோரம் ஒரு கீற்றுப் புதிதாக வெட்டியிருந்தது. வெட்டிய தண்டுகள் இன்னும் பச்சையாகவே கிடந்தன. நடுவில் நாலைந்து வரிசை தேயிலைக் கன்று. எத்தனை அடி என்று பெறாமகன் கால் வைத்து அளந்து எழுதிக்கொண்டான், பதினெட்டு. படமும் எடுத்து, வனத் திணைக்களத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறோம்.

அதற்கு மேலே போய் எங்கள் இடத்தில் உட்கார்ந்தோம். அன்றைய பக்கத்தில் இருப்பது இது: ‘6.20, ஒரு குரல், மேற்குப் பக்கம், தூரம். 6.24, இன்னொரு குரல், கிட்ட.’